பொறுங்க, இன்னும் வருது

ஜூலை 10

அன்புள்ள அண்ணி,

நேற்று நீங்கள் போனில் கூப்பிட்டபோது நான் ஒன்றும் பேசாமல் அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். "அது என்ன, கடிச்சிடவா போகுது?" என்று அண்ணன் இன்னும் கிண்டல் செய்கிறார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நீங்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "சாப்பிட்டிருப்ப. வாண்டு தூங்கிட்டாளா? தூங்கியிருப்பா" என்று நீங்களே சொல்லி முடித்துவிட்டீர்கள். கோபம் இல்லை அண்ணி, சிரிப்புதான் வந்தது. பேச வரவில்லை என்றால் எழுது என்று கிளம்பும்போது சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

வாண்டு நன்றாக இருக்கிறாள். உங்கள் நீல ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். துவைக்க எடுத்தால் "அம்மா போயிடும்" என்று பிடுங்கிக்கொள்கிறாள். அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டாள். பெரிய காலேஜில், பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றேன். "நாலு வயசு ஆனப்புறமுமா அவங்களுக்குத் தெரியலை?" என்றாள்.

காலையில் நான் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போகிறேன். மதியம் வாண்டைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறேன். அப்பா வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற பஸ்களைப் பார்த்து எந்த டிரைவருக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லை என்கிறார். டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது அவர் காலுக்கு இன்னும் தெரியாது. தரையில் பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒன்று கேட்க நினைத்தேன். இந்த வேலை ஒரு பருவத்துக்குச் சோதனை முறையில்தான் என்றீர்களே, அதற்குப் பிறகு என்ன? உடனே சொல்ல வேண்டாம்.

பூனைக்குட்டி


ஜூலை 22

பூனைக்குட்டிக்கு,

உன் கடிதத்தை மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். வகுப்பு சொதப்பும்போதெல்லாம் எடுத்துப் படிக்கிறேன். நிறையத் தடவை படித்தாகிவிட்டது, நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இங்கே கரும்பலகை இல்லை. நீள நீளமாக மேசைகள், கத்தரிக்கோல், பசை, காகிதக் கட்டு. மென்பொருள் படிக்க வந்த பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுத்தால் முதல் நாள் முகம் தொங்கிப்போகிறது. இங்கே எல்லாமே செய்து பார்த்துத்தான் படிக்க வேண்டும். இந்த வருடம் ஒரு கண் மருத்துவமனைக்கு வேலை. நோயாளிகள் வந்ததும் வாசலில் ஒரு திரையைத் தொட்டு, பெயரைச் சொல்லி, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதை என் மாணவர்கள் வடிவமைக்கிறார்கள்.

ஒரு வரி புரோகிராம் எழுதுவதற்கு முன்னால், திரைகளை எல்லாம் காகிதத்தில் வரைய வேண்டும். முன்பின் பார்க்காத ஒருவரை உட்காரவைத்துத் தொடச் சொல்ல வேண்டும். அவர் எதைத் தொடுகிறாரோ அதற்கான அடுத்த காகிதத்தை எதிரில் உட்கார்ந்திருப்பவர் எடுத்து வைப்பார். அவர்தான் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் வாயைத் திறக்கக் கூடாது. கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது. காட்டினால் அந்தச் சோதனை செல்லாது.

எனக்கு இதுதான் பெரிய தண்டனை. ஒரு பிள்ளை யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் என் கை தானாகப் போய்ப் பென்சிலைப் பிடுங்கி வரைந்துவிடுகிறது. கம்பெனியில் இருந்த பழக்கம். துறைத் தலைவி பின்னால் நின்று பார்த்திருக்கிறார். மெதுவாக, காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நீங்க பாடம் நடத்தலை. பதிலை எடுத்துக் கையில குடுக்கறீங்க."

அக்டோபரில் ஒரு நாள் தேர்வுக் குழுவினர் வந்து என் வகுப்பைப் பார்ப்பார்கள். அதை வைத்துத்தான் வேலை உண்டா இல்லையா என்று முடிவு. உண்டு என்றால் உன் அண்ணன் தன் ஆபீஸின் இந்தப் பக்கத்துக் கிளைக்கு மாற்றல் கேட்பார். வாண்டு இங்கே வருவாள். நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எழுதும்போது எனக்கே என்னவோ போல இருக்கிறது.

இத்துடன் பிள்ளைகள் வரைந்த திரைகள் ஒரு கட்டு. வீட்டில் யாரையாவது உட்காரவைத்துச் சோதித்துச் சொல். கம்ப்யூட்டர் நீ.

அண்ணி


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணி,

அப்பாவை உட்காரவைத்தேன். ஹாரன் அடிப்பதுபோல் அழுத்துகிறார். முதல் காகிதம் கிழிந்தே போனது. கடையில் நகல் எடுத்து, அட்டையில் ஒட்டிக்கொண்டேன். "என்ன இது, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது, உன்ன மாதிரியே இருக்குது" என்றார். நான் சிரிக்கவில்லை, ஜாடை காட்டவில்லை. கம்ப்யூட்டர் நான்தானே. அப்பா மூன்றாவது திரையில் பிறந்த தேதியைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார். அவருக்கே அது சரியாகத் தெரியாது.

பிறகு கீழ் வீட்டு அக்கா, பால்காரர், கடை அண்ணன் எல்லோரையும் பிடித்தேன். எங்கெங்கே தடுமாறினார்கள் என்று காகிதத்தின் பின்னாலேயே எழுதியிருக்கிறேன். வாண்டு தானும் கம்ப்யூட்டராக வேண்டும் என்று அழுதாள். ஆனால் அவள் எல்லோருக்கும் எதைத் தொட வேண்டும் என்று சொல்லிவிடுகிறாள். உங்கள் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது அண்ணி. பேசாமல் இருப்பதே வேலை என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கச் சொல்வார்கள். எனக்கு முதல் வார்த்தை வர நேரமாகும். வந்துகொண்டிருக்கும், அதற்குள் "சரி, உட்காரு, அடுத்து" என்பார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. என் முறை வருவதற்குள் என் முறை முடிந்துவிடும். கொஞ்ச நாளில் போகவே பிடிக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வாண்டு அங்கே வந்துவிட்டால் அவளை யார் குளிப்பாட்டுவார்கள்? தலைக்கு ஊற்றும்போது அவள் கண்ணை என் கையால்தான் மூட வேண்டும், அவள் கையால் மூடினால் கத்துவாள். சும்மா சொல்லிவைக்கிறேன்.

பூனைக்குட்டி


செப்டம்பர் 2

பூனைக்குட்டிக்கு,

நீ எழுதி அனுப்பியதை வகுப்பில் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பிறந்த தேதி கேட்கிற திரையைப் பிள்ளைகள் தூக்கி எறிந்துவிட்டார்கள். அப்பாவிடம் சொல், அவர் ஒரு திரையையே ஒழித்துவிட்டார் என்று.

இப்போது எனக்கு ஒரு தொல்லை. குழு வருகிற நாளில் வெளியிலிருந்து ஒருவர், நிஜமாகவே கண் மருத்துவமனைக்குப் போகிறவர், வந்து உட்காருவார். கம்ப்யூட்டராக உட்கார என் வகுப்பில் ஆள் இல்லை. ஒருவன் சிரித்துவிடுகிறான். இன்னொருத்தி, எதிரில் இருப்பவர் சரியானதைத் தொட்டால் தலையை ஆட்டிவிடுகிறாள். வெளியாளையும் வைத்துக்கொள்ளலாம் என்று தலைவி சொன்னார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் "சுவத்துல இருக்கறதை எழுதினவங்களைக் கூப்பிடுங்க" என்கிறார்கள்.

வாண்டையும் கூட்டிக்கொண்டு வா. அவளைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று எண்ணுவதையே நிறுத்திவிட்டேன்.

அண்ணி


செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணி,

என்னால் முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பேர் பார்ப்பார்கள். வாண்டை அண்ணன் கூட்டி வருவார்.

பூனைக்குட்டி


செப்டம்பர் 17

பூனைக்குட்டிக்கு,

உன் அண்ணனுக்கு லீவு கிடைக்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

யாரும் உன்னைப் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் தொடுகிறவரின் விரலைத்தான் பார்ப்பார்கள். நீ பேச வேண்டாம். பேசாமல் இருப்பதுதான் வேலையே.

வா.

அண்ணி


அக்டோபர் 5

அன்புள்ள அண்ணி,

உங்களிடம் சொல்லாமல் மதிய பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீங்கள் குழுவினரோடு உள்ளே உட்கார்ந்திருந்தீர்கள், கதவு சாத்தியிருந்தது. வாண்டு உங்களிடம் டாட்டா சொல்லவில்லை என்று வழி முழுவதும் அழுதாள். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு முறை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சோதனைக்கு வந்த அந்த அம்மா தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் திரை சரியாகத் தொட்டார். இரண்டாவதும் சரி. மூன்றாவதில் பெயரைத் தொட்டதும், கம்ப்யூட்டர் பழைய பதிவுகளில் தேட நேரமாகும் என்பதால், அடுத்த காகிதத்தை வைப்பதற்கு முன் நான் காத்திருக்க வேண்டும் என்று உங்கள் மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். நானும் காத்திருந்தேன். மேசையில் காகிதமே இல்லை. அந்த அம்மா விரலை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. "நான் எதையோ கெடுத்துட்டேன் போலிருக்கு. மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிக்கொண்டே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்துவிட்டது. "பொறுங்க, இன்னும் வருது."

நானா சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. குரல் அறை முழுக்கக் கேட்டது. எழுந்த அந்த அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டார். தலைவி எதையோ எழுதி ஃபைலை மூடினார். நீங்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். கெடுத்துவிட்டேன் என்று புரிய எனக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். வேலை உங்களுக்கு உறுதியானால் வாண்டு போய்விடுவாள், நீங்களும் திரும்பி வர மாட்டீர்கள். வீட்டில் நானும் அப்பாவும் அந்த ஜன்னலும்தான். அது எனக்கு முன்பே தெரியும். அப்படியென்றால் நீங்கள் தோற்றுத் திரும்பி வர வேண்டும் என்று என் மனதில் ஏதோ ஒரு மூலையில் இருந்ததா? அதனால்தான் அந்த நேரம் பார்த்து வாய் திறந்ததா? இல்லை என்று சத்தியம் செய்யலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

நீங்கள் என்ன திட்டினாலும் சரி.

பூனைக்குட்டி


அக்டோபர் 9

என் பூனைக்குட்டிக்கு,

முதலில் இதைப் படி: வேலை கிடைத்துவிட்டது. இப்போது மூச்சு விடு. பிறகு மற்றதைப் படி.

நீ போன பிறகு, ஒரு மாணவன் "சோதனை செல்லாது" என்று தாளில் எழுதினான். விதிப்படி சரிதான். தலைவி "அப்புறம்?" என்றார். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பூனைக்குட்டி, நான் வாயைப் பொத்தியது உன்மேல் கோபத்தில் என்றா நினைத்தாய்? அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பேர் நடுவில் உன் குரலைக் கேட்டதே எனக்கு அதுதான் முதல் தடவை. கையை எடுத்தால் தேம்பிவிடுவேன் என்று எடுக்காமல் இருந்தேன்.

கடைசியில், தலையாட்டுகிறாள் என்று எழுதினேனே, அந்தப் பெண் எழுந்தாள். "மேடம், ரெண்டு திரைக்கும் நடுவுல நாம ஒண்ணுமே வரையலை. அந்த அம்மாவை நாற்காலியில உட்கார வச்சது அவங்க சொன்ன அந்த ஒரு வரிதான்" என்றாள். மற்றவர்கள் அப்படியே மேசையைச் சுற்றிக் குவிந்துவிட்டார்கள். ஒரு துண்டுக் காகிதம் வெட்டி, நீ சொன்னதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி, வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இந்தத் தடவை அவர் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு நிதானமாகக் காத்திருந்தார். நான் நாற்காலியிலிருந்து நகரவே இல்லை.

எல்லாம் முடிந்ததும் தலைவி என்னிடம் சொன்னார்: "இன்னிக்குத்தான் நீங்க பாடம் நடத்தினீங்க." இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். அதோடு விடவில்லை, பசை டப்பாக்களை மூடி வைப்பதில்லை என்று ஒரு பாட்டம் திட்டினார்.

உன் மனதில் இருந்ததா என்று நீ கேட்ட அந்த மூலைக்கு வருகிறேன். உனக்கு மட்டும் என்று நினைத்தாயா? அன்று காலை வாண்டு என் மடியில் உட்கார்ந்து என் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், நிஜம்தானா என்று. தோற்றுவிட்டால் இவளோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று எனக்கும் தோன்றியது. அந்த மூலை எனக்கும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி வேலையைப் பார்ப்போம். நீயும் இங்கே வருகிறாய். எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். விட்ட படிப்பைத் தொடர மாலைப் பள்ளி ஒன்று பார்த்து, உன் பெயரைச் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கும் வாண்டுக்கும் ஒரே அறை, ஜன்னல் பக்கம் உனக்கு. அப்பாவுக்குக் கூடத்தில் கட்டில், தெருவில் பஸ் போகும். ஜெராக்ஸ் கடைக்கு நானே போன் செய்து சொல்லிவிடவா?

அண்ணி


நவம்பர் 1

பூனைக்குட்டிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உன் அண்ணனைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கா, கொஞ்சம் அமைதியா இருக்கா" என்கிறார். நீ அமைதியாக இருக்கிறாய் என்று அவரே கண்டுபிடித்திருக்கிறார் என்றால் நிலைமை மோசம் என்று புரிந்துகொண்டேன்.

என் கடைசிக் கடிதத்தில் என்னதான் எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். "நீயும் வருகிறாய்." கேள்விக்குறி எங்கே போட்டேன்? ஜெராக்ஸ் கடைக்குப் போன் செய்வதற்கு மட்டும் போட்டிருந்தேன். மறுபடியும் பென்சிலைப் பிடுங்கிவிட்டேன். வகுப்பில் கற்றுக்கொண்டதை வீட்டுக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன்.

மாலைப் பள்ளியில் சொன்னதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டிலும் இன்னும் வாங்கவில்லை.

இத்துடன் ஒரு திரை வரைந்து அனுப்புகிறேன். என் ஓவியத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மூன்று கட்டங்கள் இருக்கின்றன. "வருகிறேன்." "இங்கேயே இருக்கிறேன்." "இன்னும் யோசிக்கிறேன்." நீ எதைத் தொடுகிறாயோ, அதற்குத்தான் அடுத்த காகிதம் வைப்பேன். எதுவானாலும் நீ எனக்கு நீதான். நான் கம்ப்யூட்டர். வாயைத் திறக்க மாட்டேன், ஜாடை காட்ட மாட்டேன்.

(வாண்டுக்குத் தலைக்கு ஊற்ற எனக்குத் தெரியாது. இது ஜாடை இல்லை.)

அண்ணி


நவம்பர் 12

அன்புள்ள அண்ணி,

அது ஜாடைதான். சோதனை செல்லாது என்று எழுதலாமா என்று பார்த்தேன், பாவம் என்று விட்டுவிட்டேன்.

நான் கோபமாக இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பதில் எழுத உட்கார்ந்தால், எழுத ஒன்றுமே மிச்சம் இல்லாதது போல இருந்தது. நான் வருகிறேன், எந்தப் பக்கம் படுக்கிறேன், எங்கே படிக்கிறேன், எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் "அடுத்து" என்பார்களே, அந்த மாதிரி. நீங்கள் கேள்விக்குறியைத் தேடினேன் என்று எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவிடம் நானே பேசினேன். போகலாமா என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அங்க பஸ் போற ரோடா?" என்றார். போகும் என்றேன். "அந்த ஊர் டிரைவருங்க எப்படி ஓட்டறாங்கன்னுதான் பார்க்கணும்" என்றார். அவ்வளவுதான் பேசினார். ஆனால் கால் பிரேக் போடவில்லை.

மாலைப் பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். நீங்கள் போய்க் கேட்க வேண்டாம். நானே கேட்டுக்கொள்கிறேன், நேரமானாலும்.

நீங்கள் வரைந்த மூன்று கட்டத்தையும் தொட்டுப் பார்த்தேன். எதிலும் என் விரல் நிற்கவில்லை. அதனால் கீழே நானே நாலாவதாக ஒன்று வரைந்திருக்கிறேன். அது போன். வாண்டு அதை ஆமை என்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நானே உங்களைக் கூப்பிடுவேன். பதிலை என் வாயால் சொல்வேன். கடை அண்ணனிடம் மாதக் கடைசிக்கு மேல் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அதை நீங்கள் படிக்காத மாதிரியே இருக்க வேண்டும்.

போனை எடுத்ததும் "ஹலோ" சொல்லலாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லக் கூடாது. சாப்பிட்டியா என்று கேட்கக் கூடாது. நான் பேச நேரமாகும். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடக் கூடாது.

உங்களுக்குப் பொறுக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் உங்கள் பிள்ளைகள் வெட்டிய அந்தத் துண்டுக் காகிதம் மாதிரியே கடையில் ஒன்று பெரிய எழுத்தில் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, இதோடு அனுப்பியிருக்கிறேன். போனுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

உங்கள்
பூனைக்குட்டி